'ஓ' என்ற சின்ன வினைச்சொல்லும் நமக்கு வரவேண்டிய பணமும்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஓ, டபிள்யூ, ஈ. வாயைக் குவித்து 'ஓ' என்றால் உச்சரிப்பு முடிந்துவிட்டது. ஒருவர் இன்னொருவருக்குப் பணமோ நன்றியோ மன்னிப்போ விளக்கமோ தரவேண்டியிருக்கிறது என்று சொல்வதற்கான சொல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிற எனக்கு இது இல்லாமல் பொழுது போகாது. நாங்கள் எழுதுகிற கடிதங்களில் பாதி 'எங்கள் பணம் இன்னும் வரவில்லை' என்பது, மீதி 'உங்கள் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம், கொஞ்சம் பொறுங்கள்' என்பது. நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்காரருக்கும் நாங்கள் தரவேண்டும். எங்களுக்கு வெளிநாட்டு பையரும் உள்ளூர் மொத்த வியாபாரியும் தரவேண்டும். யார் யாருக்குத் தரவேண்டும் என்பது மாறிப்போனால் கடிதமே தலைகீழாகிவிடும், இந்த 'ஓ'வில் அது மாறிப்போவது ரொம்பச் சுலபம்.

பி.காம் முடித்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டிய மெயிலில் இப்படி ஒரு வரி இருந்தது: 'வீ ஓ ருபீஸ் 4,80,000 ஃப்ரம் யூ.' கணக்கில் கெட்டி, டேலியில் கை பறக்கும், இன்வாய்ஸ் எண், தேதி எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். அந்த வரி மட்டும் வேறு என்னவோ சொன்னது. 'வீ ஓ' என்று படித்ததுமே எதிரில் இருப்பவர் 'அப்போ இவங்கதான் நமக்குத் தரணுமா?' என்று நினைப்பார், அடுத்து 'ஃப்ரம் யூ' வந்ததும் குழம்புவார், குழப்பத்தைச் சாக்காக வைத்து இன்னும் பத்து நாள் தள்ளுவார். பணம் தரவேண்டியவருக்குக் காரணம் எடுத்துக் கொடுக்கிற மாதிரி நாமே எழுதக்கூடாது.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். அவர் மனசுக்குள் ஓடியது 'எங்களுக்கு உங்களிடமிருந்து 4,80,000 ரூபாய் வரவேண்டியிருக்கு' என்பது. நல்ல தமிழ். 'எங்களுக்கு' முதலில் இருப்பதால் 'வீ' முதலில் வந்தது, 'உங்களிடமிருந்து' என்பது 'ஃப்ரம் யூ' ஆனது, நடுவில் கடனுக்கான வினைச்சொல்லாக 'ஓ' உட்கார்ந்துகொண்டது. நம் மொழியில் யாரை முதலில் சொன்னாலும் கவலையில்லை. 'எனக்கு அவர் அஞ்சாயிரம் தரணும்', 'அவர் எனக்கு அஞ்சாயிரம் தரணும்', 'அஞ்சாயிரம் அவர் தரணும் எனக்கு', எப்படிப் புரட்டிப் போட்டாலும் 'கு' என்ற உருபு யாருக்கு என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் அப்படி ஒரு உருபு கிடையாது. யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதுதான் எல்லாம். 'ஓ'வுக்கு முன்னால் நிற்பவர் கொடுக்கவேண்டியவர். அதை ஒட்டி அடுத்து வருபவர் வாங்கவேண்டியவர். மூன்றாவதாகத் தொகை.

'ஹீ ஓஸ் மீ ஃபைவ் தௌசண்ட்' என்றால் அவர் எனக்குத் தரணும். 'ஐ ஓ ஹிம் ஃபைவ் தௌசண்ட்' என்றால் நான் அவருக்குத் தரணும். இவ்வளவுதான், ஆனால் இது கைக்கு வரும்வரை ஒவ்வொரு முறையும் 'ஓ'வுக்கு முன்னால் இருப்பவர் யார் என்று ஒரு நொடி நின்று பார்க்கச் சொல்வேன். என்னை முதலில் வைத்துத்தான் பேசுவேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது: 'ஐ ஆம் ஓட் ஃபைவ் தௌசண்ட்.' எனக்கு ஐயாயிரம் வரவேண்டியிருக்கிறது. பள்ளியில் செயப்பாட்டு வினையை மார்க்குக்காக மாற்றி மாற்றி எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம், நிஜத்தில் அது உதவுகிற இடம் இது. போனில் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள். 'ஐ ஓ' என்பதும் 'ஐம் ஓட்' என்பதும் வேகமாகச் சொன்னால் கேட்பவர் காதில் ஒன்றுபோல விழும், அர்த்தமோ நேர் எதிர். போனில் 'யூ ஓ அஸ்' என்று நேராகச் சொல்வதுதான் நல்லது. அது மரியாதைக் குறைவாகப் பட்டால் 'ஐ பிலீவ்' என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் இந்த 'டு'. 'ஐ ஓ டு ஹிம் ஃபைவ் தௌசண்ட்' என்று நம் ஊரில் பலர் எழுதுகிறார்கள். 'அவருக்கு' என்பதில் உள்ள 'கு'வை எப்படியாவது ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற நினைப்பு. ஆள் முதலில் வந்தால் 'டு' வேண்டாம், தொகை முதலில் வந்தால் 'டு' வேண்டும்: 'ஐ ஓ ஃபைவ் தௌசண்ட் டு த மில்.' 'கிவ்' என்ற சொல் எப்படி நடக்குமோ அப்படியே இதுவும் நடக்கும். 'கிவ் மீ த பில்' என்போம், 'கிவ் த பில் டு மீ' என்போம், 'கிவ் டு மீ த பில்' என்று யாரும் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் 'ஓ'வை எடுத்துவிட்டு 'கிவ்' போட்டுப் பாருங்கள், காதே சொல்லிவிடும்.

அடுத்த தொல்லை 'வீ ஆர் ஓயிங் யூ'. இதை அலுவலகக் கடிதங்களில் நிறையப் பார்க்கலாம். 'தரவேண்டியிருக்கிறது' என்பதில் ஒரு 'இருக்கிறது' இருப்பதால் 'ஆர்', 'ஐஎன்ஜி' எல்லாம் போடத் தோன்றுகிறது. ஆனால் 'ஓ' என்பது ஒரு செயலைச் சொல்வதில்லை, ஒரு நிலையைச் சொல்கிறது. நேற்றும் தரவேண்டியிருந்தது, இன்றும் தரவேண்டியிருக்கிறது, பணம் கைமாறும்வரை அப்படியே நிற்கிறது. யாரும் இப்போது உட்கார்ந்து 'ஓயிங்' செய்துகொண்டிருக்கவில்லை. அதனால் 'வீ ஓ யூ', அவ்வளவே. மார்ச்சிலிருந்து நிலுவையில் இருக்கிறது என்று சொல்லவேண்டுமானால் 'யூ ஹேவ் ஓட் அஸ் திஸ் அமவுண்ட் சின்ஸ் மார்ச்'. 'மார்ச்சிலிருந்து தரணும்' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம், ஆங்கிலம் அந்த இடத்தில் 'ஹேவ் ஓட்' கேட்கும். 'ஓயிங்' என்ற வடிவத்துக்கும் வேலை உண்டு, ஆனால் வேறு இடங்களில்: 'த அமவுண்ட் ஓயிங்' என்றால் பாக்கித் தொகை, 'ஓயிங் டு ஹெவி ரெயின்' என்றால் பலத்த மழை காரணமாக.

நிலை என்று சொன்னேன் இல்லையா, அதுதான் இந்தச் சொல்லின் உயிர். நாம் பேச்சில் 'என் பணம் ரெண்டு லட்சம் அவர்கிட்ட நிக்குது' என்போம். 'கொடுக்கணும்' என்றுகூடச் சொல்வதில்லை, பணம் அவரிடம் நிற்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்ற வினைச்சொல்லுக்கு வைத்திருப்பது, உடைமையாகக் கொண்டிருப்பது என்று பொருள். கொடுப்பதற்கென்று வைத்திருப்பது என்ற வழக்கிலிருந்து மெல்ல மெல்லத் 'தரவேண்டியிருப்பது' என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தம் என்று பொருள்படும் 'ஓன்' என்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஷேக்ஸ்பியர் காலம்வரைகூட 'ஓ' என்றால் 'சொந்தமாக வைத்திரு' என்ற பொருளும் புழக்கத்தில் இருந்தது. 1609ல் அச்சான அவருடைய சானெட்டுகளில் (பதினான்கு வரிக் கவிதைகள்) 18வதில் இந்தச் சொல் வருகிற வரியை இன்றைய அர்த்தத்தில் படித்தால், அதில் பாடப்படுகிற அழகான மனிதர் தன் அழகை யாருக்கோ திருப்பித் தரவேண்டியிருக்கிறது என்று தோன்றும். ஷேக்ஸ்பியர் சொல்ல வந்தது, உன்னிடம் இருக்கிற அழகு என்பது.

இன்னொரு சுவையான சங்கதி. 'ஆட் டு' என்று படித்திருக்கிறோமே, 'செய்யவேண்டும், அதுதான் நியாயம்' என்ற தொனியில் வருமே, அந்த 'ஆட்' வேறு யாருமில்லை, 'ஓ'வின் பழைய இறந்தகாலம். தரவேண்டியிருந்தது என்பது செய்யவேண்டியது என்று மாறி, தனியாகப் பிரிந்து போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப 'ஓட்' என்று புதிதாக ஒரு இறந்தகாலத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். 'ஷால்', 'ஷுட்' இரண்டின் பழைய வடிவத்துக்கும் கடன்பட்டிருப்பது என்ற பொருள் இருந்தது. ஜெர்மன் மொழியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஷுல்ட்' இன்றும் கடன், குற்றம் இரண்டையும் குறிக்கிறது. லத்தீன் பக்கம் போனாலும் இதே கதை. 'டெபேரே' என்ற வினையைப் பிரித்தால் 'ஒருவரிடமிருந்து வைத்திருப்பது' என்று வரும். டெட், டெபிட், ட்யூ, ட்யூட்டி எல்லாம் அங்கிருந்து பிரிந்தவை. ஷேர் மார்க்கெட்டில் டிபென்சர் என்ற கம்பெனிக் கடன் பத்திரம் வாங்குகிறோமே, அதுவும் 'தரவேண்டியவை' என்ற லத்தீன் வினை வடிவம்தான், பழைய காலத்துக் கடன் சீட்டுகளின் தொடக்கச் சொல்லாக இருந்து பெயராகிவிட்டது.

கடனும் கடமையும் ஒரே வேரில் நிற்பது தமிழனுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய விஷயமில்லை. நேர்த்திக்கடன், ஈமக்கடன், காலைக்கடன் என்று நாம் சொல்கிற எதிலும் வட்டியும் கிடையாது, பத்திரமும் கிடையாது. புறநானூறு 312ல் பொன்முடியார் 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று தொடங்கித் தந்தைக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடனை வைத்துவிட்டுப் போகிறார். அதனால் பணம் சாராத 'ஓ'வைக் கற்றுக்கொள்வது நமக்குக் கஷ்டமே இருக்கக்கூடாது, ஆனாலும் பலரும் பணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'ஐ ஓ யூ அன் அபாலஜி' என்றால் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கிறது. 'யூ ஓ மீ அன் எக்ஸ்பிளனேஷன்' என்றால் நீங்கள் எனக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் காட்டமான வாக்கியம், மேலதிகாரியிடம் வேண்டாம். 'ஐ ஓ மை லைஃப் டு த டாக்டர்' என்றால் அவர் தந்த உயிர். இதில் 'டு' வந்திருப்பதைக் கவனியுங்கள், உயிர் முதலில், ஆள் பின்னால். 'ஐ ஓ யூ ஒன்' என்றால் எனக்கு ஒரு உதவி செய்தீர்கள், நான் ஒன்று திருப்பிச் செய்யவேண்டியிருக்கிறது.

'இட்' வருகிற வடிவம்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 'ஐ ஓ இட் டு மை மதர் டு ஃபினிஷ் திஸ் கோர்ஸ்.' இந்தப் படிப்பை முடிப்பது அம்மாவுக்கு நான் செய்யவேண்டிய கடமை. அந்த 'இட்' ஒரு காலி இடம், பின்னால் வருகிற 'டு ஃபினிஷ்' தான் அதற்குள் போய் உட்காருகிறது. இதை 'ஐ ஓ மை மதர் டு ஃபினிஷ்' என்று எழுதினால் வாக்கியம் நிற்காது.

மொய்க்கு இந்தச் சொல் அச்சாகப் பொருந்தும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் ஆயிரம் எழுதினார், நோட்டில் பதிந்திருக்கிறது, அவர் வீட்டு விசேஷம் எப்போது வருமோ தெரியாது, வரும்போது அந்த ஆயிரமும் அதற்கு மேலும் போகவேண்டும். யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை, தேதி இல்லை. ஆனாலும் அது நிற்கிறது. வெளிநாட்டு நண்பர் யாராவது மொய் என்றால் என்னவென்று கேட்டால் 'கிஃப்ட்' என்று சொல்லிவிடாதீர்கள். 'வீ ஓ ஹிம்' என்று சொன்னால்தான் அவருக்கு விளங்கும்.

கடன் கொடுப்பது 'லெண்ட்', வாங்குவது 'பாரோ'. இந்த இரண்டிலும் குழப்பம் வருவதற்குக் காரணம் தமிழில் இரண்டுக்கும் 'கடன்' என்ற பெயர்ச்சொல் பொதுவாக இருப்பதுதான், நாம் 'கொடு', 'வாங்கு' என்று வாலை மாற்றிக்கொள்கிறோம். அவையிரண்டும் ஒருமுறை நடந்து முடிகிற செயல்கள். நடந்து முடிந்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் 'ஓ'.

'ட்யூ' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண்ணின் வரியில் இருந்த 'ஃப்ரம் யூ'வுக்கு உரிய இடம் இதுதான். '4,80,000 இஸ் ட்யூ ஃப்ரம் யூ' என்றால் உங்களிடமிருந்து வரவேண்டும். '4,80,000 இஸ் ட்யூ டு அஸ்' என்றால் எங்களுக்கு வரவேண்டும். இரண்டும் சரி. அதாவது அவர் மனசில் இருந்த தமிழுக்குப் பக்கத்தில் இருந்தது 'ட்யூ', கைக்கு வந்தது 'ஓ'. தொகையை முதலில் வைத்து எழுத விரும்புகிறவர்கள் 'ட்யூ' பக்கம் போய்விடலாம், ஆபத்து குறைவு. ஒன்றே ஒன்று, நம் ஊரில் 'இந்த மாச ட்யூ கட்டலை' என்றால் தவணை. வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது தவணைக்கு 'இன்ஸ்டால்மெண்ட்' என்றே எழுதுங்கள்.

இனி நான் எல்லாருக்கும் சொல்ல ஆசைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். 'ஓ' நிலையைச் சொல்கிறது என்றேன். அது வாக்குறுதி தருவதில்லை. 'தரணும்' வேறு, 'தர்றேன்' வேறு. பேச்சில் நாம் இரண்டையும் கலந்துவிடுவோம், 'தரணும்ங்க, தந்துடறேன்' என்று ஒரே மூச்சில் போய்விடும். ஆங்கிலத்தில் எழுதும்போது கலக்கக்கூடாது, ஏனென்றால் சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

ஐ.ஓ.யூ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 'ஐ ஓ யூ' என்பதை மூன்று எழுத்தாகச் சுருக்கியது. ஒரு துண்டுச் சீட்டில் 'மிஸ்டர் பி, ஐ.ஓ.யூ ருபீஸ் 1,000' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது புரோநோட்டு ஆகுமா? ஆகாது. இது என் கருத்து இல்லை, 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 4வது பிரிவின் கீழேயே இந்த உதாரணம் அச்சிட்டிருக்கிறது, இது புரோநோட்டு அல்ல என்ற பட்டியலில். அதே இடத்தில் 'பி என்பவருக்கு 1,000 ரூபாய் கடன்பட்டிருப்பதாக ஒப்புக்கொள்கிறேன், கேட்கும்போது செலுத்தப்பட வேண்டியது, பெற்ற மதிப்புக்காக' என்ற வாசகம் புரோநோட்டுதான் என்கிறது. இரண்டிலும் கடன் ஒப்புக்கொள்ளப்படுகிறது, தொகையும் ஒன்றுதான். இரண்டாவதில் 'கேட்கும்போது செலுத்தப்பட வேண்டியது' இருக்கிறது, முதலாவதில் அது இல்லை. நம் ஊர்ப் புரோநோட்டை எடுத்துப் பாருங்கள், ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, 'தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்கோ' என்று ஒரு நீளமான வரி ஓடும். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வரி அதுதான், அந்தத் தாளுக்குப் பலம் தருவதும் அதுதான். ரூபாய் நோட்டிலும் ரிசர்வ் வங்கி கவர்னர் 'ஐ பிராமிஸ் டு பே' என்றுதான் கையெழுத்திடுகிறார், 'ஐ ஓ' என்று இல்லை.

அதற்காக 'ஓ' என்று எழுதி வாங்குவதில் பயனில்லை என்று நினைத்துவிட வேண்டாம். புரோநோட்டுக்கு மூணு வருஷம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கும் சரக்கு விற்ற பாக்கிக்கும் பொதுவாக அதே மூன்று வருஷம்தான் வழக்குப் போடக் காலவரம்பு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 18வது பிரிவு என்ன சொல்கிறதென்றால், அந்தக் காலம் முடிவதற்குள் கடன்காரர் 'ஆமாம், தரவேண்டியிருக்கிறது' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து காலக்கெடு புதிதாக ஓடத் தொடங்கும். அவர் தருவதாக உறுதி சொல்லவேண்டும் என்றுகூட இல்லை, கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் போதும். 'வீ ஓ யூ' என்ற மூன்று சொல்லின் மதிப்பு இங்கேதான். நிதியாண்டு முடிந்ததும் கம்பெனிகள் 'பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்' என்று, இவ்வளவு பாக்கி என்பது சரிதானே என்று கேட்டு, ஒரு கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்குவதை வெறும் ஆடிட்டர் வேலை என்று பலர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் மூன்று வருஷத்தைப் புதுப்பிக்கிற தாள். கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் உள்ள பதிவுகூட, அதன் வாசகத்தையும் குறிப்புகளையும் பொறுத்து, இப்படிப்பட்ட ஒப்புதலாக ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021ல் சொல்லியிருக்கிறது.

மூன்று வருஷம் தாண்டிவிட்டால் நிலைமை மாறிவிடும். அப்போது 'தரவேண்டியிருக்கிறது' என்று எழுதி வாங்கினாலும் 18வது பிரிவு கைகொடுக்காது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 25(3) என்று ஒரு இடம் இருக்கிறது, காலம் கடந்த கடனைத் தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால் அந்த வாக்கு செல்லும். இப்போது 'வீ ஓ யூ' போதாது, 'வீ ப்ராமிஸ் டு பே யூ' வேண்டும். கெடுவுக்குள் என்றால் 'ஓ' போதும், கெடு தாண்டினால் 'பே' வேண்டும். இலக்கணத்தில் நிலைக்கும் செயலுக்கும் உள்ள வித்தியாசம் என்று வகுப்பில் சொன்னால் யாருக்கும் ஏறாது, ஆனால் வரவேண்டிய பணம் போய்விடும் என்றால் ஏறும். (நான் வக்கீல் இல்லை, கணக்குப் பிரிவில் இருந்து கற்றுக்கொண்டது இது. தொகை பெரிதென்றால் தாளை வக்கீலிடம் காட்டிவிட்டு நகருங்கள்.)

ஆகவே பணம் கேட்டு எழுதும்போது நான் சொல்லிக்கொடுக்கிற முறை இது. முதல் வரியிலேயே 'ஆஸ் ஆன் டேட், யூ ஓ அஸ் ருபீஸ் 4,80,000 அகெய்ன்ஸ்ட் த ஃபாலோயிங் இன்வாய்ஸஸ்' என்று நிலையைச் சொல்லிவிட வேண்டும், கீழே இன்வாய்ஸ் எண், தேதி, தொகை. அடுத்த வரியில் 'ப்ளீஸ் கன்ஃபர்ம் த பேலன்ஸ்', அதாவது ஒப்புக்கொள்ளுங்கள். மூன்றாவது வரியில் தனியாக 'ப்ளீஸ் லெட் அஸ் நோ த டேட் பை விச் யூ வில் பே', அதாவது வாக்குக் கொடுங்கள். இந்த இரண்டு கேள்வியையும் ஒரே வரியில் சேர்த்தால் பதில் எழுதுகிறவர் சௌகரியமான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார், பெரும்பாலும் 'பேமெண்ட் வில் பி ரிலீஸ்ட் ஷார்ட்லி' என்று. அதில் எவ்வளவு என்றும் இல்லை, எப்போது என்றும் இல்லை. குறுந்தொழில், சிறுதொழில் பதிவு வைத்திருக்கிறவர்கள் 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டத்தின்படி எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக்கூடாது என்பதையும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். மிரட்டலாக வேண்டாம், தகவலாக.

நாம் தரவேண்டிய பக்கத்தில் இருந்தால் எச்சரிக்கை நேர்மாறாக வேண்டும். சரக்கில் தகராறு இருக்கிறது, பில்லில் இவ்வளவு கழித்துக்கொள்கிறோம் என்று டெபிட் நோட் போட்டிருக்கிறோம், தொகை இன்னும் முடிவாகவில்லை என்கிற நேரத்தில், மரியாதைக்காக 'வீ ஓ யூ த ஃபுல் அமவுண்ட், பட்' என்று தொடங்காதீர்கள். 'பட்'டுக்குப் பின்னால் எவ்வளவு எழுதினாலும் முதல் பாதி கையெழுத்தோடு நின்றுவிடும். ஒப்புக்கொள்கிற தொகையை மட்டும் 'ஓ' போட்டு எழுதிவிட்டு, மீதிக்கு 'திஸ் பார்ட் இஸ் டிஸ்ப்யூட்டட்' என்று பிரித்துவிடுங்கள்.

பணம் முழுசும் வந்து சேர்ந்த பிறகு ஒரு கடிதம் பாக்கி இருக்கும், அதை எழுதச் சோம்பல்படுகிறவர்கள்தான் அதிகம். 'வீ ஹேவ் ரிசீவ்ட் த ஃபுல் அமவுண்ட். ஆஸ் ஆன் திஸ் டேட் யூ ஓ அஸ் நத்திங்.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும், புரோநோட்டு வாங்கியிருந்தால் அதைக் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். அந்தப் பெண்ணுக்கு இந்த இரண்டாவது வரி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இப்போது செட்டில் ஆகிற ஒவ்வொரு பார்ட்டிக்கும் யாரும் கேட்காமலே அவரே எழுதி அனுப்புகிறார், 'ஓ'வுக்கு முன்னால் யார் நிற்கவேண்டும் என்பதில் ஒரு இடத்திலும் தடுமாறுவதில்லை.